ரைடுகளின் கதையைப் படிக்க: நாகர்கோவிலில் இருந்து தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தீம் பார்க் ரைடுகள் எப்படி யோசிக்கப்பட்டன, எப்படிக் கட்டப்பட்டன, பாதியில் எதெல்லாம் கைவிடப்பட்டது என்று சொல்லும் புத்தகங்கள் ஆங்கிலத்தில் நிறைய உண்டு. அமெரிக்கப் பூங்காக்களைப் பற்றியவை அதிகம், அவற்றிலும் டிஸ்னி பற்றியவை மிக அதிகம். நம் மாவட்டத்தில் இருந்துகொண்டு இவற்றைப் படிக்க நினைப்பவருக்கு இரண்டு தொல்லை. எதில் தொடங்குவது என்று தெரியாது. தெரிந்தாலும் நாகர்கோவில் கடைகளில் கிடைக்காது.

கட்டடக்கலையோ மெக்கானிக்கலோ படிக்கிறவர்களுக்கு இது பயன்படும் என்று சொல்லவே வேண்டாம். கோவில் கொடைக்கு சீரியல் செட் போடுகிறவர்களும், டிசம்பர் பிறந்ததும் ஊர்ப் பையன்களைச் சேர்த்துக்கொண்டு மோட்டார் வைத்து ஆடும் பொம்மைகளோடு கிறிஸ்துமஸ் குடில் கட்டுகிறவர்களும் இந்தப் புத்தகங்களைப் படித்தால் இன்னும் ரசிப்பார்கள் என்பது என் எண்ணம். அவர்கள் ஏற்கெனவே செய்கிற வேலைதான் இது, அளவு மட்டும் பெரியது.

முதலில் ஒரே ஒரு ரைடைத் தேர்ந்தெடுங்கள்

புதிதாக வருகிறவர்கள் தீம் பார்க்கின் மொத்த வரலாற்றையும் சொல்லும் தடிமனான புத்தகத்தில்தான் கை வைப்பார்கள். ஐம்பது பக்கம் தாண்டுவதற்குள் பெயர்களும் ஆண்டுகளும் குழம்பிவிடும். அதற்குப் பதிலாக ஒரு ரைடை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைப் பற்றி மூன்று விதமான ஆட்கள் எழுதியதைப் படியுங்கள். பூங்காவை நடத்தும் நிறுவனம் வெளியிட்டது ஒன்று, வெளியாள் ஆராய்ந்து எழுதியது ஒன்று, அந்த ரைடில் வேலை பார்த்தவர் சொன்னது ஒன்று. மூன்றும் ஒத்துப்போகும் இடம், முட்டிக்கொள்ளும் இடம் இரண்டையும் பார்த்துவிட்டால் இந்தத் துறையை எப்படிப் படிப்பது என்று பிடிபட்டுவிடும்.

எந்த ரைடு? நான் எல்லோருக்கும் சொல்வது கலிபோர்னியாவில் உள்ள டிஸ்னிலேண்டின் பேய் வீடு, அதாவது ஹாண்டட் மேன்ஷன். காரணம், அது சிக்கல் மேல் சிக்கலாக வளர்ந்த ரைடு. வெளிக்கட்டடம் 1963-லேயே முடிந்துவிட்டது. உள்ளே மக்களை விட்டதோ 1969 ஆகஸ்டில். ஆறு ஆண்டு பூட்டிய வீடு! இடையில் 1964-65 நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக டிஸ்னியின் ஆட்கள் நான்கு காட்சிகளைச் செய்யப் போய்விட்டார்கள். 1966 டிசம்பரில் வால்ட் டிஸ்னி இறந்துபோனார். உள்ளே என்ன வைப்பது என்பதிலும் வடிவமைப்பாளர்களுக்குள் ஒரு முடிவு ஏற்படவில்லை. பின்னணி ஓவியரான கிளாட் கோட்ஸ் பயமுறுத்தும் இருட்டையும் சூழலையும் விரும்பினார். பாத்திரங்களை வரைவதில் பெயர் பெற்ற மார்க் டேவிஸ் சிரிப்பை விரும்பினார். கடைசியில் முன்பாதி ஒருவர் போக்கிலும் பின்பாதி இன்னொருவர் போக்கிலும் அமைந்தது. இன்றைக்கும் அந்த ரைடில் போகிறவர் இந்தக் கருத்து வேற்றுமைக்குள்தான் பயணம் செய்கிறார்.

இதைப் பற்றிய நிறுவனத் தரப்புப் புத்தகம் ஜேசன் சரெல் எழுதிய 'தி ஹாண்டட் மேன்ஷன்'. முதலில் 2003-ல் வந்தது, அதே பெயரில் ஒரு சினிமா வந்த நேரம். அதனால் அந்தப் பதிப்பில் சினிமாவுக்கும் பக்கங்கள் உண்டு. பின்னால் துணைத்தலைப்பு மாறி மறுபதிப்புகள் வந்தன. இரண்டும் வேறு வேறு புத்தகம் என்று நினைத்து இரண்டையும் வாங்கிவிடாதீர்கள். ஓவியங்கள், மாதிரிகள், கைவிடப்பட்ட யோசனைகள் எல்லாம் நிறைய இருப்பதால் ஆங்கிலம் சற்றுத் தடுமாறினாலும் சமாளிக்கலாம்.

வெளியாள் வரிசையில் சாம் ஜெனவேயின் 'தி டிஸ்னிலேண்ட் ஸ்டோரி' (2013). அவர் நகர்த் திட்டமிடல் துறைக்காரர். ஒரு ரைடைத் தனியாகப் பார்க்காமல், பூங்காவின் எந்த மூலையில், எந்த நெருக்கடியில் அது வந்தது என்று பார்ப்பார். வேலை பார்த்தவர் வரிசைக்கு ரோலி கிரம்ப் சொல்ல எழுதப்பட்ட 'இட்ஸ் கைண்ட் ஆஃப் எ க்யூட் ஸ்டோரி' (2012). பேய் வீட்டுக்காக விசித்திரப் பொருள்களின் அருங்காட்சியகம் ஒன்றை அவர் வரைந்து வைத்திருந்தார். அது அப்படியே நிறைவேறவில்லை. மனுஷர் ஒளிவு மறைவில்லாமல் பேசுவார். நிறுவனப் புத்தகத்தில் வழுவழுப்பாகத் தெரியும் விஷயம் இதில் சொரசொரப்பாக வரும்.

பக்கம் புரட்டும்போது கேட்க வேண்டியவை

இந்தப் புத்தகங்களின் பெரிய ஆபத்து அவற்றின் படங்கள். பார்த்து ரசித்து மூடி வைத்துவிடத் தோன்றும். எனவே கையில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு சில கேள்விகளோடு படியுங்கள். இடத்தில் என்ன சிக்கல்? மணிக்கு எத்தனை பேர் போக வேண்டும்? காசு யார் கொடுத்தது? எதைக் கைவிட்டார்கள்? வடிவமைப்பு வரலாற்றின் பெரும்பகுதி இந்த நான்குக்குள் அடங்கிவிடும். கதை, மாயம், கனவு என்று புத்தகங்கள் பேசுவதெல்லாம் இவற்றுக்குப் பிறகுதான்.

இடத்துக்கு உதாரணம், பேய் வீட்டின் நீளும் அறை. எட்டுப் பக்கச் சுவர், சுவரில் படங்கள். கதவு மூடியதும் அறை மெதுவாக நீள்கிறது. படங்களின் அடியில் மறைந்திருந்த பகுதிகள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. அழகாக நிற்கிற பெண், அறுந்துகொண்டிருக்கும் கயிற்றின் மேல் குடையோடு நிற்பதும், கீழே முதலை வாய் பிளந்திருப்பதும் அப்போதுதான் தெரியும். பார்ப்பவருக்கு இது பேய் விளையாட்டு. உண்மையில் கலிபோர்னியாவில் அது ஒரு லிஃப்ட். ரைடு நடக்கும் பெரிய கொட்டகை பூங்காவைச் சுற்றியுள்ள ரயில் பாதை மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. மக்களைத் தரைக்கடியில் இறக்கி, பாதைக்குக் கீழே நடத்தி அங்கே கொண்டுபோக வேண்டும். அந்த இறக்கத்தை மறைக்கத்தான் நீளும் அறை. ஃபுளோரிடாவில் 1971-ல் இதே ரைடைக் கட்டியபோது இறக்க வேண்டிய தேவை இல்லை. ஆனால் அந்த அறை மக்களுக்குப் பிடித்துப்போயிருந்தது. அதனால் அங்கே தரை அசையாமல் கூரையை மட்டும் மேலே ஏற்றினார்கள். ஒரு ஊரில் கட்டாயமாக வந்தது இன்னொரு ஊரில் வழக்கமாகிவிட்டது. இப்படி ஒரு இடம் தட்டுப்பட்டால் உடனே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

எண்ணிக்கைக் கேள்வியைத்தான் புதியவர்கள் விட்டுவிடுகிறார்கள். எளிய கணக்குதான். எட்டுப் பேர் உட்காரும் வண்டி 20 நொடிக்கு ஒன்று கிளம்பினால் மணிக்கு 180 வண்டி, 1,440 பேர். திருவிழா ராட்டினத்தில் 16 கூண்டு, கூண்டுக்கு நான்கு பேர் என்று வையுங்கள். ஏற்றி, சுற்றி, இறக்க 12 நிமிடம் ஆனால் மணிக்கு ஐந்து தடவை, 320 பேர். ஹாண்டட் மேன்ஷனை முதலில் மக்கள் குழுவாக நடந்து பார்க்கும் வீடாகத்தான் யோசித்தார்கள். நடக்கும் கூட்டம் நின்று நின்று போகும், வரிசை வெளியே நீளும். அதற்கு விடையாக வந்தது ஆம்னிமூவர்: நிற்காமல் ஓடும் சங்கிலியில் கோத்த இருக்கைகள். 1967-ல் வேறொரு ரைடில் முதலில் ஓடியது, பிறகு பேய் வீட்டுக்கும் வந்தது. இருக்கையை எந்தத் திசைக்கும் திருப்பலாம் என்பதால், நீங்கள் எதைப் பார்க்க வேண்டும், எதைப் பார்க்கக்கூடாது என்பதையும் அதுவே முடிவு செய்கிறது. கூட்டத்தைத் தீர்க்க வந்த இயந்திரம் கேமராவின் வேலையையும் செய்தது.

இந்தக் கணக்கு கண்ணில் பட வேண்டுமானால் கன்னியாகுமரி படகுத்துறைக்குப் போங்கள். விவேகானந்தர் பாறைக்குப் போகும் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகப் படகில் ஏற எவ்வளவு நேரம், லைஃப் ஜாக்கெட் மாட்ட எவ்வளவு நேரம், இறங்க எவ்வளவு நேரம் என்று கையில் வாட்ச்சோடு நின்று பாருங்கள். ஓடும் நேரத்தைவிட ஏற்றி இறக்கும் நேரம்தான் வரிசையின் நீளத்தை முடிவு செய்யும்.

ராட்டினக்காரர்களிடமும் பேசுங்கள். மண்டைக்காடு கொடையோ, கோட்டார் சவேரியார் கோவில் திருவிழாவோ, எங்கே ஜெயன்ட் வீலும் கொலம்பஸும் வந்தாலும் போதும். "ஏண்ணே, பக்கத்துக் கூண்ட விட்டுட்டு எதிர்ப்பக்கக் கூண்டுக்கு ஆள ஏத்துறீங்க?" என்று ஒருவரிடம் கேட்டேன். "ஒரே பக்கம் ஏத்துனா வீலு அந்தப் பக்கம் சாயும்லா தம்பி. மோட்டாரு தாங்காது" என்றார். 1893-ல் சிகாகோவில் ஃபெர்ரிஸ் நிறுத்திய 264 அடி சக்கரத்தில் 36 கூண்டு, கூண்டுக்கு 60 பேர் என்று படிக்கும்போது, அத்தனை பேரை எந்த ஒழுங்கில் ஏற்றியிருப்பார்கள் என்ற கேள்வி தானாக வரும்.

காசு கொடுத்தவர் யார் என்பதற்கு அந்த நியூயார்க் கண்காட்சியே போதும். நான்கு காட்சிகளுக்கும் டிஸ்னிக்கு வெளியே இருந்துதான் பணம் வந்தது. ஜெனரல் எலக்ட்ரிக், ஃபோர்டு, பெப்சி, இல்லினாய் மாநிலம். ஆடும் பொம்மை நுட்பமும், படகில் ஏராளமானவர்களை ஓட்டும் நுட்பமும் அந்தப் பணத்தில்தான் தேறின. மெழுகு அருங்காட்சியகம் போல நடந்து பார்ப்பதற்காக யோசித்திருந்த 'பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்' 1967-ல் திறந்தபோது படகு ரைடாக இருந்தது அதனால்தான்.

கைவிட்டவை பற்றி ஒன்று மட்டும். பேய் வீட்டில் தொப்பிப்பெட்டிப் பேய் என்று ஒன்று உண்டு. கழுத்தின் மேல் இருக்கும் தலை மறைந்து கையில் உள்ள பெட்டிக்குள் தெரிய வேண்டும். 1969-ல் வைத்துப் பார்த்தார்கள். மேலே உள்ள தலை சரியாக மறையவில்லை. சீக்கிரமே எடுத்துவிட்டார்கள். 2015-ல் புதிய நுட்பத்தோடு திரும்ப வந்தது. வெற்றி பெற்றதைவிட இப்படித் தோற்றதை விரிவாகச் சொல்கிற புத்தகம் கிடைத்தால் விடாதீர்கள்.

கண்ணாடிப் பேயை வீட்டிலேயே பாருங்கள்

அந்த ரைடின் நடன மண்டபத்தில் ஊடுருவித் தெரியும் பேய்கள் ஆடும். இது 1862-ல் லண்டன் ராயல் பாலிடெக்னிக்கில் ஜான் ஹென்றி பெப்பர் மேடையேற்றிய உத்தி. அடிப்படை யோசனை ஹென்றி டிர்க்ஸ் என்ற பொறியாளருடையது, பெயர் மட்டும் பெப்பருக்குப் போய்விட்டது. ராத்திரி குலசேகரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது, ஷட்டருக்குப் பதில் கண்ணாடி போட்ட வண்டியானால், வெளியே ஓடும் ரப்பர் தோட்டத்தின் மேல் உங்கள் முகம் மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதேதான் இதுவும். உள்ளே வெளிச்சம், வெளியே இருட்டு, நடுவில் கண்ணாடி.

செய்து பார்க்க ஒரு ஃபோட்டோ ஃபிரேமின் கண்ணாடி போதும். மேசையில் அதைப் பார்ப்பவருக்குச் சாய்வாக, 45 பாகைக்கு நிறுத்துங்கள். பின்னால் ஒரு சின்ன நாற்காலி பொம்மை. பக்கவாட்டில், பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாமல் அட்டை மறைத்து, ஒரு உருவம். அறை விளக்கை அணைத்துவிட்டு உருவத்தின் மேல் மட்டும் டார்ச் அடியுங்கள். கண்ணாடியில் இருந்து உருவம் எவ்வளவு தூரமோ, அதே தூரம் பின்னால் நாற்காலி இருந்தால் உருவம் நாற்காலியில் உட்கார்ந்தது போலத் தெரியும். தூரம் பிசகினால் அந்தரத்தில் நிற்கும். இதை ஒரு தடவை செய்தவர், புத்தகத்தில் நடன மண்டபத்தின் குறுக்குவெட்டு வரைபடத்தைப் பார்த்ததும் மக்கள் ஏன் மாடி உயரத்தில் இருந்து பார்க்கிறார்கள், உண்மைப் பொம்மைகள் எங்கே ஒளிந்திருக்கின்றன என்று உடனே கண்டுபிடிப்பார். குடில் கட்டுகிற பையன்களுக்கு, வானதூதர் தோன்றி மறையும் காட்சிக்கு, இதைவிட மலிவான வழி கிடையாது. கண்ணாடி விளிம்பில் மட்டும் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள், கை கிழிந்துவிடும்.

எங்கே கிடைக்கும்

நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்தில் இதற்கென்று தனி அடுக்கு எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் நூலகரிடம் கேட்கும்போது 'தீம் பார்க்' என்று மட்டும் கேட்காமல் கட்டடக்கலை, பொழுதுபோக்கு, அமெரிக்க வரலாறு என்று மூன்று பக்கமும் கேளுங்கள். டியூயி முறையில் அடுக்கும் நூலகமானால் கேளிக்கைப் பூங்காக்களுக்கான எண் 791.068. இணையத்தில் எந்த நூலகப் பட்டியலைத் தேடினாலும் இந்த எண் கைகொடுக்கும்.

கல்லூரியில் படிப்பவர்களுக்கு இன்னும் நல்ல வழி இருக்கிறது. உங்கள் கல்லூரி, நூலகங்களை இணைக்கும் டெல்நெட் அமைப்பில் உறுப்பினரா என்று நூலகத்தில் விசாரியுங்கள். உறுப்பினரானால் வேறு ஊர் நூலகத்தில் உள்ள புத்தகத்தைக் கல்லூரி மூலமாகக் கேட்டு வாங்கலாம். பல பொறியியல் கல்லூரிகளில் இந்த வசதி இருந்தும் மாணவர்கள் யாரும் கேட்பதில்லை. நூலகரிடம் பைய ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், அவருக்கும் சந்தோஷமாக இருக்கும்.

வேறு வேலையாக வெளியூர் போனால் மூன்று நூலகங்கள் பக்கம் எட்டிப் பார்க்கலாம்: 1829-ல் தொடங்கிய திருவனந்தபுரம் மத்திய நூலகம், 2023-ல் திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகம், சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். இதற்காகவே டிக்கெட் எடுத்துப் போக வேண்டியதில்லை.

இணையத்தில் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கினால் பல பழைய புத்தகங்களை ஒரு மணி நேரத்துக்கோ 14 நாளுக்கோ இரவல் எடுத்துத் திரையில் படிக்கலாம். வழக்கு ஒன்றில் தோற்றபின் லட்சக்கணக்கான புத்தகங்களை அங்கிருந்து எடுத்துவிட்டார்கள், எனவே நண்பர் பார்த்ததாகச் சொன்னது உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம். நூறு ஆண்டுக்கு முந்தைய பத்திரிகைக் கட்டுரைகள், கண்காட்சிக் கையேடுகள் ஹாத்திடிரஸ்ட் என்ற இணைய நூலகத்தில் தாராளமாகக் கிடைக்கும். கூகுள் பேட்டன்ட்ஸை மறந்துவிடாதீர்கள். 1884-ல் நியூயார்க்கின் கோனி ஐலண்டில், ரோலர் கோஸ்டருக்கு முன்னோடியான ஸ்விட்ச்பேக் ரயிலை ஓட்டிய லாமார்கஸ் தாம்சன் அடுத்த ஆண்டு வாங்கிய காப்புரிமை, வரைபடங்களோடு, காசில்லாமல் படிக்கலாம். ஐந்து சென்ட் கட்டணம், மணிக்கு ஆறு மைல் வேகம். நம் சைக்கிளே முந்திவிடும், ஆனால் அதற்கு வரிசையில் நின்றார்கள். தண்டவாளத்துக்கு அடியிலும் சக்கரம் வைத்து வண்டி எகிறாமல் பிடித்துக்கொள்ளும் உத்தியை ஜான் மில்லர் 1919-ல் காப்புரிமை செய்தபிறகுதான் ரோலர் கோஸ்டர்களுக்கு இப்போதைய வேகமும் இறக்கமும் வந்தன. ஒரு புத்தகம் சொல்வதைக் காப்புரிமையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதைப் போல நல்ல பயிற்சி வேறில்லை.

காசு கொடுத்து வாங்குவதானால் ஒரு விஷயம். இந்தப் புத்தகங்கள் பெரும்பாலும் ஒன்றிரண்டு பதிப்போடு நின்றுவிடும். நின்றதும் பழைய பிரதியின் விலை தாறுமாறாக ஏறும். மறுபதிப்பு வந்தால் இறங்கும். எனவே கண்ட விலைக்கு அவசரப்பட்டு வாங்காதீர்கள். வெளிநாட்டில் இருந்து வரவழைத்தால் தபால் செலவு பல நேரம் புத்தக விலையைத் தாண்டும், மேலே சுங்கமும் வரலாம். வளைகுடாவிலோ அமெரிக்காவிலோ சொந்தக்காரர் இல்லாத வீடு நம் மாவட்டத்தில் அபூர்வம். ஊருக்கு வரும்போது பெட்டியில் ஒரு புத்தகம் வைத்துக் கொண்டுவரச் சொல்வதுதான் ஆகக் குறைந்த செலவு. சித்தப்பாவிடம் தலைப்பை மட்டும் சொன்னால் வேறொன்றை வாங்கி வந்துவிடுவார், ஐ.எஸ்.பி.என். எண்ணை வாட்ஸ்ஆப்பில் அனுப்புங்கள். மின்னூலாக வாங்கினால் கறுப்பு வெள்ளை ரீடரில் படிக்காதீர்கள், படங்கள் வீணாகிவிடும். டேப்லெட் வேண்டும்.

வாங்கியபின் பாதுகாப்பு. இவையெல்லாம் ஆர்ட் பேப்பரில் அச்சானவை. நமக்கோ ஆனி ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு. ஈரம் பட்ட ஆர்ட் பேப்பர் பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் படம் உரிந்து வரும். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்காதீர்கள். கடற்கரைப் பக்கம் வீடு என்றால் மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, வெயில் அடிக்கும் நாளில் நிழலில் பிரித்துக் காற்றாட விடுங்கள்.

அடுத்து என்ன படிப்பது

ஒரு ரைடு முடிந்தபின் வழி உங்கள் விருப்பத்தைப் பொறுத்தது.

இயந்திரம் பிடிக்கும் என்றால் ராபர்ட் ரெனால்ட்ஸ் எழுதிய 'ரோலர் கோஸ்டர்ஸ், ஃப்ளூம்ஸ் அண்ட் ஃப்ளையிங் சாசர்ஸ்'. எட் மார்கன், கார்ல் பேக்கன் என்ற இருவர் நடத்திய ஆரோ டெவலப்மென்ட் பட்டறையின் கதை. 1959-ல் டிஸ்னிலேண்டின் மேட்டர்ஹார்ன் மலைக்குள் எஃகுக் குழாய்த் தண்டவாளத்தில் கோஸ்டர் ஓடவைத்தவர்கள் அவர்கள். மரச்சட்டத்தில் வளைக்க முடியாத வளைவைக் குழாயில் வளைக்கலாம் என்பது எவ்வளவு பெரிய மாற்றம் என்று வெல்டிங் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கண்ணும் நிறமும் என்றால் ஜான் ஹென்ச்சின் 'டிசைனிங் டிஸ்னி' (2003). 1939-ல் சேர்ந்து அறுபது ஆண்டுக்கு மேல் அந்த நிறுவனத்திலேயே இருந்தவர். வழிநடைக்கு எந்த நிறம், ஒரு பகுதியில் இருந்து இன்னொன்றுக்குப் போகும்போது கண்ணுக்கு என்ன தெரிய வேண்டும் என்று பொறுமையாகச் சொல்வார். வீட்டுக்கார மனிதர் தன் வீட்டைப் பற்றிப் பேசுவதுதான், விமர்சனம் எதிர்பார்க்காதீர்கள். விமர்சனம் வேண்டுமானால் காரல் ஆன் மார்லிங் தொகுத்த 'டிசைனிங் டிஸ்னிஸ் தீம் பார்க்ஸ்: தி ஆர்க்கிடெக்சர் ஆஃப் ரீஅஷ்யூரன்ஸ்'. 1997-ல் மான்ட்ரியலில் உள்ள கனடியக் கட்டடக்கலை மையத்தின் கண்காட்சியை ஒட்டி வந்தது. சில கட்டுரைகள் கனமானவை. படங்களையும் மார்லிங்கின் கட்டுரையையும் முதலில் பார்த்துவிட்டு மற்றதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

டிஸ்னி அலுத்துவிட்டால், அலுக்கும், ஜான் காசனின் 'அம்யூசிங் தி மில்லியன்' (1978). மெலிந்த புத்தகம், இரண்டு சாயங்காலத்தில் முடித்துவிடலாம். கோனி ஐலண்டின் ஸ்டீபிள்சேஸ், 1903-ல் திறந்த லூனா பார்க், 1911-ல் எரிந்துபோன ட்ரீம்லேண்ட் எல்லாம் வரும். தீம் பார்க் 1955-ல் டிஸ்னிலேண்டோடு பிறந்தது என்ற எண்ணம் இதைப் படித்தால் தொலைந்துவிடும். என்னைக் கேட்டால், இந்த வரிசையிலேயே விலைக்கும் நேரத்துக்கும் அதிகம் தருவது இதுதான்.

கணக்குப் பிரியர்களுக்கு ஹாரிசன் பிரைஸின் 'வால்ட்ஸ் ரெவல்யூஷன்! பை தி நம்பர்ஸ்'. டிஸ்னிலேண்டுக்கு அனஹைமில் இடம் பார்த்துச் சொன்னவர். எந்த நாளின் கூட்டத்தை அளவாக வைத்துப் பூங்காவைக் கட்டுவது, ஒருவர் எவ்வளவு நேரம் தங்குவார் என்றெல்லாம் பேசும். டேவிட் யங்கரின் 'தீம் பார்க் டிசைன்' (2016) பாடப்புத்தகம் மாதிரி. முதலில் இருந்து கடைசி வரை படிக்க முயலாதீர்கள். ஒரு சொல் புரியாதபோது எடுத்துப் பார்ப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்துப் பூங்காக்கள்

டெல்லி அப்பு கர் (1984), மும்பை எஸ்ஸல் வேர்ல்டு (1989), சென்னை கிஷ்கிந்தா என்று நம் நாட்டிலும் வரிசை உண்டு. இவற்றின் வரலாற்றைப் படிக்கப் பழைய செய்தித்தாள்களையும் நிறுவன ஆவணங்களையும் நாட வேண்டும். கொச்சியில் 2000-ல் வீகாலேண்டாகத் தொடங்கிய பூங்காதான் இன்றைய வொண்டர்லா. 2014-ல் அந்த நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தபோது வெளியிட்ட விளக்க அறிக்கையும், அதன்பின் ஆண்டுதோறும் வரும் அறிக்கைகளும் இணையத்தில் இலவசம். எந்த ரைடுகளைத் தாங்களே செய்கிறார்கள், எத்தனை பேர் வந்தார்கள், மழைக்காலம் என்ன செய்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். முதலீட்டாளருக்கு எழுதியது என்பதால் அலங்காரம் குறைவு. கொச்சிக்குப் போகுமுன் அதைப் புரட்டிவிட்டுப் போனால் ரைடில் ஏறும்போது வேறு கண்ணோடு பார்ப்பீர்கள்.

கேள்விப்பட்டதும் எழுதப்பட்டதும்

பேய் வீட்டுக்கு ஒரு வதந்தி உண்டு: வெள்ளோட்டத்தில் ஒருவர் பயந்து மாரடைப்பில் இறந்துபோனார், அதனால்தான் திறப்பு தள்ளிப்போனது என்று. நம் ஊர்த் தியேட்டர்களைப் பற்றியும் பேய்ப்படம் ஓடிய காலத்தில் இதே கதை சொல்வார்கள். தாமதத்துக்கான காரணங்களை மேலே பார்த்தோம். எனவே நோட்டில் ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் ஒரு குறி போடுங்கள்: தேதியிட்ட வரைபடமோ கடிதமோ இருந்தால் 'ஆ', ஆவணம் என்பதற்கு; வேலை பார்த்தவர் பின்னால் நினைவில் இருந்து சொன்னால் 'நி'; யார் சொன்னது என்றே தெரியாவிட்டால் 'கே', கேள்வி. நாற்பது ஆண்டுக்குப் பின் கொடுக்கும் பேட்டியில் எல்லோரும் தம் பங்கைச் சற்றுக் கூட்டித்தான் சொல்வார்கள். அதில் தப்பில்லை, நாம்தான் தெரிந்து படிக்க வேண்டும். மார்க் டேவிஸின் ஓவியங்களையும் பேச்சையும் தொகுத்து 2019-ல் வந்த இரண்டு தொகுதிகள் இந்தச் சோதனைக்கு ஏற்றவை. ஓவியம் ஆவணம், பேச்சு நினைவு. இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கும்.

கொட்டாரத்தில் ஒரு காலைப்பொழுது

மூன்று புத்தகம் முடித்தபின் தக்கலைக்கு அருகே பத்மநாபபுரம் கொட்டாரத்துக்கு, அதாவது அரண்மனைக்கு, போய்வாருங்கள். திங்கட்கிழமை விடுமுறை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தால் ஒரே வழியில்தான் போக முடியும். அதனால் ரைடை ஆராய்வதற்கு நல்ல பயிற்சி. கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு, வெளிச்சம் குறையும் இடம், கூடும் இடம், தலை குனிய வேண்டிய கதவு, திடீரென்று கூரை உயரும் இடம் எல்லாவற்றையும் வரிசையாகக் குறியுங்கள். மந்திரசாலை என்ற ஆலோசனை மண்டபத்தில் வண்ண அபிரகத் தகடு வழியே வரும் வெளிச்சம், காலுக்குக் கீழே முகம் பார்க்கலாம் போன்ற கறுப்புத் தரை, தாய்க் கொட்டாரத்தின் தாழ்ந்த உத்தரம், நெடுக நீளும் ஊட்டுப்புரை என்ற சாப்பாட்டுக் கூடம், கடைசியில் நவராத்திரி மண்டபத்தின் கருங்கல். மரத்திலேயே நடந்து பழகிய காலுக்கு அங்கே கல் படும்போது ஒரு மாற்றம் தெரியும். பகுதிகள் வெவ்வேறு காலத்தில் சேர்ந்தவை, சுற்றுலாப் பயணிகளுக்காக யாரும் திட்டமிட்டுக் கட்டியதில்லை. ஆனாலும் ஹென்ச் சொல்லும் கண்மாற்றங்களை இங்கே காலாலேயே படிக்கலாம்.

சனி ஞாயிறு கூட்டத்தில் போனால் குறிப்பு எடுக்க முடியாது, பள்ளிப் பிள்ளைகள் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். வேலை நாளில், திறந்ததும் நுழைந்துவிடுங்கள். முதல் சுற்றில் எதுவும் எழுதாமல் நடந்துவிட்டு, வெளியே கடையில் ஒரு சாயா குடித்துவிட்டு, மறுபடி டிக்கெட் எடுத்துப் போய்க் குறித்தால் தாள் சரியாக வரும்.